வெப்ப அடுக்கும் வெளியடுக்கும் இல்லாமல் போனால் பூமிக்கு என்ன ஆகும்?

செம்பருத்தி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். வளிமண்டலத்தைக் கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என ஐந்தாகப் பிரித்துப் பாடம் நடத்தும்போது முதல் மூன்றின் பயனைச் சொல்வதில் எனக்குச் சிரமமில்லை. மழையும் மேகமும் கீழடுக்கில் இருக்கின்றன. ஓசோன் மீள் அடுக்கில் இருக்கிறது. விண்கற்கள் எரிவது இடையடுக்கில் நிகழ்கிறது. மேலே உள்ள இரண்டுக்கு வரும்போதுதான் பாடம் மெலிந்துவிடுகிறது. வானொலி அலைகள் திரும்பி வருகின்றன, செயற்கைக்கோள்கள் அங்கே சுற்றுகின்றன என்று இரண்டு வரிகள் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்த இரண்டு அடுக்குகளும் நாளைக் காலையில் இல்லாமல் போய்விட்டால் நமக்கு என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். இணையத்தில் தேடினால் சில நிமிடங்களில் உயிரினங்கள் எல்லாம் கருகிவிடும் என்று ஒரு காணொளி சொல்கிறது. எதுவுமே ஆகாது என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. காற்றழுத்தம் குறைந்து மூச்சுத் திணறுமா? சூரியனின் கதிர்கள் தரை வரை வந்துவிடுமா? வெப்ப அடுக்கில் 1000 பாகைக்கும் மேலான வெப்பநிலை இருப்பதாகச் சொல்கிறார்களே, அந்த வெப்பம் போய்விட்டால் பூமி குளிர்ந்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வளிக்கணக்கன்

அம்மா, முதலில் அந்த இரண்டு அடுக்குகளிலும் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் உங்கள் மூன்று ஐயங்களில் இரண்டு தாமாகவே தீர்ந்துவிடும்.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1,01,325 பாஸ்கல். 50 கி.மீ. உயரத்தில் அது ஏறத்தாழ 80 பாஸ்கலாகக் குறைந்துவிடுகிறது. அதாவது வளிமண்டலத்தின் எடையில் 99.9 விழுக்காடு அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. விண்வெளியின் தொடக்கம் என்று பலரும் கொள்ளும் 100 கி.மீ. உயரத்துக்குப் போனால் மிஞ்சுவது 0.03 பாஸ்கல்தான். அந்த உயரத்துக்கு மேலே உள்ள காற்று முழுவதையும் திரட்டித் தரையில் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிராம் அளவே தேறும், நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நிற்கும் மொத்தக் காற்றோ பத்தாயிரம் கிலோகிராமுக்கும் அதிகம். மூன்று கிராம் குறைவதால் தரையில் ஏற்படும் அழுத்த மாற்றம், நீங்கள் மூன்று மில்லிமீட்டர் உயரம் ஏறும்போது ஏற்படும் மாற்றத்துக்குச் சமம். ஆகவே மூச்சுத் திணறல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெப்பநிலை பற்றிய ஐயமும் இதே கணக்கில் அடங்கும். வெப்பநிலை என்பது துகள்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதைக் காட்டுவது. அத்தகைய துகள்கள் எத்தனை இருக்கின்றன என்பதை அது சொல்லாது. 400 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதைப் போல லட்சம் கோடியில் சில பங்குதான். அங்கே ஒரு வெப்பமானியை நீட்டினால், அதன் மேல் வந்து மோதும் துகள்கள் தரும் வெப்பத்தைவிட அது தானாகக் கதிர்வீசி இழக்கும் வெப்பம் பன்மடங்கு அதிகமாக இருக்கும். நிழலில் பிடித்தால் அது உறைநிலைக்கும் மிகக் கீழேயே காட்டும். பூமியின் தட்பவெப்பத்தை அந்த அடுக்கு தாங்கி நிற்கவில்லை. சூரியனிடமிருந்து ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் ஆற்றல் வருகிறது என்றால், வெப்ப அடுக்கைச் சூடாக்கும் மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிர்களின் பங்கு அதில் சில மில்லிவாட் மட்டுமே.

அடுத்தது கதிர்கள். இங்கேதான் அந்தக் காணொளிக்காரர்கள் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். நம் தோலைச் சுட்டுப் புற்றுநோய்க்கு வழிசெய்யும் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது ஓசோன். அதன் பெரும்பகுதி 15 முதல் 35 கி.மீ. வரையிலான உயரத்தில், மீள் அடுக்கில் இருக்கிறது. வெப்ப அடுக்கு தடுப்பது வேறு வகைக் கதிர்களை: எக்ஸ் கதிர்களின் ஒரு பகுதியையும், 100 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள தீவிரப் புற ஊதாக் கதிர்களையும், அவற்றுக்குச் சற்றே நீண்டு 175 நானோமீட்டர் வரை போகும் கதிர்களையும் அங்குள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் விழுங்கிவிடுகின்றன. மூன்று கிராம் காற்று இதைச் செய்து முடிக்கிறது என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அந்தக் கதிர்களின் இயல்பு அப்படி. எந்த அணுவைக் கண்டாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டு அங்கேயே மடிந்துவிடும். வெப்ப அடுக்கு இல்லையென்றால் அவை இன்னும் சில கி.மீ. கீழே இறங்கி, இடையடுக்கின் உச்சியில் உள்ள காற்றால் விழுங்கப்படும். தரைக்கு வர அவற்றுக்கு வழியில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. தனியான பொருளால் செய்து பூமியின் மேல் போர்த்திய உறை என்று வெப்ப அடுக்கைக் கருதக் கூடாது. ஈர்ப்பு விசையும் சூரிய ஒளியும் உள்ள இடத்தில் எந்த வளிமண்டலத்தின் மேல் விளிம்பும் அப்படித்தான் ஆகும். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும்கூட அத்தகைய விளிம்பு உண்டு. நாளைக் காலையில் நீங்கள் அதை நீக்கிவிட்டாலும், அடியில் உள்ள காற்று மேலெழுந்து அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கிவிடும். 100 கி.மீ. உயரத்தில் உள்ள மூலக்கூறுகள் வினாடிக்கு 400 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் அலைகின்றன. முதல் சில நிமிடங்களில் அவை அந்த உயரத்துக்கு மேலே பத்து இருபது கி.மீ. வரை பரவி நிற்கும். அதன் பிறகு தீவிரப் புற ஊதாக் கதிர்கள் அந்தப் புதிய விளிம்பைச் சூடாக்க, அது மெல்ல மெல்ல விரிந்து, நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கின்படி, சில நாள்களில் பழைய உயரத்தை ஓரளவு எட்டிவிடும். மூலக்கூறு ஆக்சிஜன் பிளந்து அணு ஆக்சிஜனாகி, கனமானவை கீழும் இலேசானவை மேலுமாகப் பிரிந்து, பழைய கலவை திரும்ப வருவதற்கு மேலும் காலம் பிடிக்கும்.

ஆகவே, 'இல்லாமல் போனால்' என்ற கேள்விக்கு, 'சில நாள்கள் இல்லாமல் இருந்தால்' என்பதே இயற்கை அனுமதிக்கும் வடிவம்.

சிற்றலை நேயர்

வளிக்கணக்கன் அவர்கள் காற்றின் எடையைச் சொல்லிவிட்டார். அந்த எடையில் ஒரு சிறு பகுதி மின்னூட்டம் பெற்று நிற்பதுதான் அயனி மண்டலம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வானொலி கேட்பவர்கள் ஏதோ ஒரு வகையில் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுப்பிய குறிப்பை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் பெற்றதாக மார்க்கோனி அறிவித்தபோது, நேர்கோட்டில் செல்லும் அலை பூமியின் வளைவைக் கடந்து எப்படி வந்தது என்று அறிஞர்கள் திகைத்தார்கள். மேலே மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று 1902இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். 1924இல் எட்வர்ட் ஆப்பிள்டன் வானொலி அலைகளைக் கொண்டே அதன் உயரத்தை அளந்து காட்டி, 1947இல் நோபல் பரிசும் பெற்றார்.

அந்த மண்டலத்தில் 60 முதல் 90 கி.மீ. வரை உள்ள கீழ்ப்பகுதி அலைகளைத் திருப்பி அனுப்புவதைவிட விழுங்குவதில்தான் வல்லது. பகலில் மத்திய அலை நிலையங்கள் தொலைவில் கேட்காமல் போவதற்கு அதுவே காரணம். சூரியன் மறைந்ததும் அந்தப் பகுதி ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடுகிறது. தடை நீங்குவதால், பகலில் ஒலிக்காத தொலைதூர நிலையங்கள் இரவில் தெளிவாகக் கேட்கத் தொடங்குகின்றன. ஆக, மேல் வளிமண்டலத்தின் ஒரு துண்டு ஒவ்வோர் இரவும் இல்லாமல் போகிறது, அதனால் நமக்கு நன்மையே விளைகிறது. 150 கி.மீ.க்கு மேல் உள்ள பகுதியோ இரவிலும் நிலைத்து நின்று சிற்றலைகளைத் திருப்பி அனுப்புகிறது. அதுவும் மறைந்துவிட்டால், தமிழகத்தில் ஒரு தலைமுறையே காதோடு வைத்துக் கேட்ட இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்புகளைப் போன்றவை அடிவானத்தைத் தாண்டியிருக்கவே முடியாது. இன்று பாட்டு கேட்க யாரும் சிற்றலையைத் தேடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பெருங்கடல்களின் மேல் பறக்கும் விமானங்களும், புயலில் கைப்பேசிக் கோபுரங்கள் சாய்ந்தபின் செய்தி அனுப்பும் அமெச்சூர் வானொலியாளர்களும் இன்னமும் அதை விட்டுவிடவில்லை.

நம் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்றையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. அக்கோட்டை ஒட்டி, சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் வலிமையான மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதனை நடுக்கோட்டு மின்தாரை என்பார்கள். இந்திய மண்ணில் முதல் ஆய்வு ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கு, அந்த மீனவச் சிற்றூர் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருந்ததே முதன்மையான காரணம். இந்த மின்தாரை தரையில் ஏற்படுத்தும் காந்தப்புல மாற்றத்தைத் திருநெல்வேலிக்கு அருகே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அளந்துவருகிறது. மேலடுக்கு இல்லாத உலகத்தில் அந்தக் கருவிகளின் கோடு பகலெல்லாம் ஏறத்தாழத் தட்டையாக ஓடிக்கொண்டிருக்கும்.

2010 ஜனவரி 15 அன்று வளைய சூரிய கிரகணம் நம் தென்கோடியைக் கடந்தபோது தும்பாவிலிருந்து மீண்டும் ராக்கெட்டுகளை ஏவினார்கள். நண்பகலில் சூரிய ஒளியைத் திடீரெனக் குறைத்தால் மேல் வளிமண்டலம் எப்படி நடந்துகொள்கிறது என்று காண அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

கேள்விக்குறி

வளிக்கணக்கன் அவர்களின் பதில் எனக்கு முழு நிறைவு தரவில்லை. சூரியனிலிருந்து ஓயாமல் பாயும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்று, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஆகிய இரண்டிலிருந்தும் நம்மைக் காப்பது மேல் வளிமண்டலம்தான் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். வெப்ப அடுக்கு நீங்கினால் அவை தரைக்கு வந்து சேருமே! தரையில் எதுவும் ஆகாது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா?

வளிக்கணக்கன்

சொல்ல முடியும் என்றே கருதுகிறேன். சூரியக் காற்றைத் திசைதிருப்புவது பூமியின் காந்தப்புலம். சூரியன் இருக்கும் பக்கத்தில் அது பூமியிலிருந்து சுமார் 65,000 கி.மீ. தொலைவிலேயே சூரியக் காற்றை நிறுத்திவிடுகிறது. அந்தக் காந்தப்புலம் பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பின் ஓட்டத்தால் பிறப்பது. மேலே காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கும். காஸ்மிக் கதிர்களைப் பொறுத்தவரை, காந்தப்புலத்தைக் கடந்து வருபவற்றைத் தடுப்பது காற்றின் எடைதான். பத்தாயிரம் கிலோகிராமில் மூன்று கிராமைக் கழித்துவிட்டு, எஞ்சியது தடுக்குமா என்று கேட்பதற்கு இது ஒப்பாகும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். துருவ ஒளியின் இடம் மாறும். காந்தப்புலக் கோடுகள் வழியே துருவங்களை நோக்கி வரும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் 100 முதல் 300 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்களோடும் நைட்ரஜன் மூலக்கூறுகளோடும் மோதித்தான் அந்த ஒளியைத் தோற்றுவிக்கின்றன. 2024 மே மாதம் 10, 11 தேதிகளில் வந்த காந்தப் புயலின்போது (சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் குலுங்குவது) லடாக்கின் ஹான்லே வரை தெரிந்த சிவப்பு ஒளி, 200 கி.மீ.க்கும் மேலே உள்ள அணு ஆக்சிஜன் உமிழ்ந்தது. காற்று அடர்த்தியாக உள்ள இடத்தில் அந்தச் சிவப்பு தோன்றாது. ஒளியை உமிழ ஆக்சிஜன் அணுவுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேலாக இடையூறில்லாத தனிமை வேண்டும், கீழே அதற்குள் வேறொரு துகள் வந்து மோதி ஆற்றலைப் பறித்துவிடும். எனவே மேலடுக்கு இல்லாத நாள்களில் சிவப்புத் துருவ ஒளி இருக்காது. மற்ற நிறங்கள் சற்றுத் தாழ்வான உயரத்தில் தோன்றும்.

சிற்றலை நேயர் எழுதியதோடும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மேலெழுந்து வந்த புதிய காற்றும் சூரிய ஒளி பட்ட நிமிடங்களிலேயே அயனியாகும். ஆகவே பகலில் ஏதோ ஒரு வகை எதிரொலிக்கும் அடுக்கு உடனே உருவாகிவிடும். ஆனால் அங்கே உருவாவன மூலக்கூறு அயனிகள். அவை எலக்ட்ரான்களோடு மிக விரைவாக மீண்டும் இணைந்துவிடும். இப்போது அந்த மண்டலத்தின் உச்சிப் பகுதி இரவைத் தாங்கி நிற்பதற்குக் காரணம், அங்குள்ள அணு ஆக்சிஜன் அயனிகள் எலக்ட்ரான்களோடு இணைவதில் மிகவும் மந்தமாக இருப்பதுதான். அணு ஆக்சிஜன் போதிய அளவு சேரும்வரை இரவுச் சிற்றலை திரும்பாது.

பாதைக்கணக்கர்

தரையில் எதுவும் ஆகாது என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். 200 முதல் 800 கி.மீ. வரை நாம் கொண்டுபோய் வைத்திருக்கும் பொருள்களின் நிலைமையையும் பேச வேண்டும். மேலடுக்கின் இன்மையை உண்மையில் உணரப்போகிறவை அவைதான்.

மாணவர்களுக்கு ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் கேள்வியின் இரு பக்கங்களும் அந்த ஒரே கதையில் இருக்கின்றன. 1973 மே 14 அன்று அதைச் சாட்டர்ன் 5 ராக்கெட் சுமந்து சென்றது. நிலவுப் பயணங்களின்போது அந்த ராக்கெட் 200 கி.மீ.க்கும் கீழேயே முதலில் சுற்றுப்பாதையை அடைந்துவிடும். இம்முறை அதன் இரண்டாம் கட்டம் 400 கி.மீ.க்கும் மேலே வரை எரிந்துகொண்டே சென்று, அயனி மண்டலத்தின் நடுவே நீராவியையும் ஹைட்ரஜனையும் கொட்டியது. வளிக்கணக்கன் சொன்ன மந்தமான ஆக்சிஜன் அயனிகள் நீராவியோடும் ஹைட்ரஜனோடும் வினைபுரிந்து மூலக்கூறு அயனிகளாக மாறின. மாறியவுடன் எலக்ட்ரான்களோடு இணைந்து மறைந்தன. ஏறத்தாழ 1000 கி.மீ. ஆரமுள்ள பகுதியில் மின்னூட்டம் பாதிக்கும் கீழே சரிந்து, அந்தப் பள்ளம் நிரம்பக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் பிடித்தது. செயற்கைக்கோள் ஒன்றின் வானொலி அலைகளைத் தொடர்ந்து அளந்துவந்தவர்களின் பதிவுகளில் அது தெரிந்தது. மைக்கேல் மெண்டில்லோவும் உடன் ஆய்வாளர்களும் 1975இல் அதை வெளியிட்டார்கள். அயனி மண்டலம் 'இல்லாமல் போவது' மனிதர் கையாலேயே ஒருமுறை, சிறிய அளவில், நடந்தேறிவிட்டது.

மறுபக்கம் இது. கடைசி வீரர்கள் 1974 பிப்ரவரியில் திரும்பிய பின், ஸ்கைலாப் 1980களின் தொடக்கம் வரை தாக்குப்பிடிக்கும் என்றும், அதற்குள் விண்வெளி ஓடம் ஒன்றை அனுப்பி அதை மேலே தள்ளிவிடலாம் என்றும் எண்ணியிருந்தார்கள். ஆனால் சூரியனின் சீற்றம் ஏறத்தாழ பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூரியச் சுழற்சி அம்முறை எதிர்பார்த்ததைவிட வலுவாக வந்தது. தீவிரப் புற ஊதாக் கதிர்கள் பெருக, வெப்ப அடுக்கு உப்பி மேலெழுந்து நிலையத்தை உரசியது. 77 டன் எடையுள்ள அது 1979 ஜூலை 11 அன்று இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டுகளாக விழுந்தது. வெப்ப அடுக்கு இல்லாதிருந்தால் ஸ்கைலாப் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

அதே கதை 2022 பிப்ரவரியிலும் நடந்தது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் பிப்ரவரி 3 அன்று ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் முதலில் 210 கி.மீ. உயரத்தில் விடப்பட்டன. அப்போது வந்தது பெரிய காந்தப் புயலும் அல்ல; ஆயினும் உராய்வு முந்தைய ஏவல்களின்போது இருந்ததைவிடப் பாதிக்குப் பாதி கூடியதால் அவற்றில் 38 மேலே ஏற இயலாமல் எரிந்தன. செயற்கைக்கோள் வைத்திருப்பவர்களைக் கேட்டால், மேலடுக்கு இல்லாத உலகமே சொர்க்கம் என்பார்கள்: பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அவ்வப்போது மேலே தள்ள எரிபொருள் வேண்டாம், அயனி மண்டலம் ஜிபிஎஸ் அலைகளைத் தாமதப்படுத்துவதால் வரும் பிழையைத் திருத்த, நம் ககன் அமைப்பைப் போன்ற ஏற்பாடுகள் இவ்வளவு பாடுபட வேண்டாம்.

அந்தச் சொர்க்கம் அதிக நாள் நீடிக்காது என்பது என் கருத்து. குப்பைகளை அகற்றுவதற்கு நம்மிடம் உள்ள ஒரே ஊழியர் இந்த உராய்வுதான். 200 கி.மீ.யில் உள்ள பொருள் சில நாள்களில் விழுந்துவிடும், 400 கி.மீ.யில் ஓரிரு ஆண்டுகள், 600 கி.மீ.யில் பத்தாண்டுகள் கணக்கில், 800 கி.மீ.யைத் தாண்டினால் நூறாண்டுகளுக்கும் மேல் என்று பொதுவாகக் கொள்ளலாம். 2019 மார்ச் 27 அன்று இந்தியா தன் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்துச் சோதித்தபோது 300 கி.மீ.யை ஒட்டிய உயரத்தைத் தேர்ந்தெடுத்ததே, துண்டுகளை வெப்ப அடுக்கு விரைவில் இழுத்து எரித்துவிடும் என்ற நம்பிக்கையில்தான். பெரும்பாலானவை அப்படியே எரிந்தன. மோதலின் வேகத்தில் மேல்நோக்கி வீசப்பட்ட சில துண்டுகள் ஓராண்டு கடந்தும் சுற்றின. அந்த மெல்லிய காற்றும் இல்லையென்றால் அத்தனை துண்டுகளும் நிலைத்து நின்று ஒன்றையொன்று மோதிப் பெருகும்.

இன்னொன்றைச் சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். கரியமில வாயு பெருகினால் கீழே வெப்பம் ஏறுகிறது, மேலேயோ குளிர்கிறது. வெப்ப அடுக்கில் அந்த வாயு, ஆக்சிஜன் அணுக்களோடு மோதிப் பெற்ற ஆற்றலை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுவிடுகிறது. மேலே அதைத் தடுத்துத் திருப்பி அனுப்பப் போதிய காற்று இல்லை. இவ்வாறு வெப்ப அடுக்கு குளிர்ந்து சுருங்கும் என்று வளிமண்டல ஆய்வாளர்களான ரோபிளும் டிக்கின்சனும் 1989இலேயே கணித்தார்கள். பழைய செயற்கைக்கோள்களின் பாதைகளை ஆராய்ந்ததில், 400 கி.மீ. உயரத்தின் அடர்த்தி பத்தாண்டுக்குச் சில விழுக்காடு என்ற அளவில் குறைந்துவருவது உறுதியாகியிருக்கிறது. உங்கள் மாணவி கேட்டதன் மிக மெதுவான வடிவம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

செம்பருத்தி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சில நாள்களில் அது திரும்ப உருவாகிவிடும் என்று வளிக்கணக்கன் அவர்கள் எழுதியதை வகுப்பில் சொன்னேன். அந்த மாணவி விடுவதாக இல்லை. திரும்ப உருவாக உருவாக யாரோ அதை அகற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்கிறாள். வெளியடுக்கு எந்த உயரத்தில் முடிகிறது என்றும் கேட்கிறாள். பாடநூலில் அதற்குத் திட்டமான எண் இல்லை.

வளிக்கணக்கன்

இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். 500 முதல் 1000 கி.மீ. வரையிலான ஓர் உயரத்துக்கு மேலே, துகள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதே அரிதாகிவிடுகிறது. எறிந்த கல்லைப் போல ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து விழுகிறது. வெளியடுக்கின் தொடக்கம் அதுதான். முடிவு மிகத் தொலைவில் இருக்கிறது. பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜன் அணுக்கள் சூரியனின் புற ஊதா ஒளியில் மினுங்குவதை, 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 வீரர்கள் நிலவில் நிறுத்திய கேமரா படம் பிடித்தது. அந்தக் கேமராவை வடிவமைத்தவர் ஜார்ஜ் கருத்தர்ஸ். சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவின்படி அந்த ஹைட்ரஜன் 6,30,000 கி.மீ. வரை நீள்கிறது. நிலவு இருப்பது 3,84,400 கி.மீ. தொலைவில்தான் என்பதால், கேமரா நின்ற இடமும் வெளியடுக்குக்கு உள்ளேயே இருந்தது.

அந்த வழியாகப் பூமி ஏற்கெனவே காற்றை இழந்துகொண்டுதான் இருக்கிறது: வினாடிக்கு ஏறத்தாழ மூன்று கிலோகிராம் ஹைட்ரஜனும் அதைவிட மிகக் குறைவாக ஹீலியமும் வெளியேறுகின்றன. கடலில் உள்ள ஹைட்ரஜன் முழுவதும் இந்த வேகத்தில் தீர வேண்டுமானால் சூரியனின் ஆயுளே பல மடங்கு போதாது. ஹைட்ரஜன் மேலே போக முதலில் நீராவி மேலே போக வேண்டும். கீழடுக்கின் உச்சியில் நிலவும் கடுங்குளிர் அதை உறையவைத்துக் கீழேயே நிறுத்திவிடுகிறது.

இனி மாணவியின் கேள்வி. 100 கி.மீ.யைக் கடக்கும் காற்றை எல்லாம் ஏதோ ஒன்று தொடர்ந்து அகற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் ஒரு கன மீட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலான காற்றுதான் இருக்கிறது. அது ஒலியின் வேகத்தில் தடையின்றிப் பாய்ந்தாலும் ஒரு சதுர மீட்டர் வழியே வினாடிக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே வெளியேற முடியும். பத்தாயிரம் கிலோகிராமை இந்த வேகத்தில் இறைக்க மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகும். நடைமுறையில் இன்னும் மிகுந்த காலம் பிடிக்கும் என்பதே என் கணிப்பு: மேலெழும் காற்று விரிந்து குளிர்ந்துவிடுவதால், 100 கி.மீ.யில் அடர்த்தி குறைந்து, வெளியேறும் வேகமும் தணிந்துவிடும்.

முதலில் மறைவது சிற்றலையும் துருவ ஒளியின் சிவப்பும் செயற்கைக்கோள்களின் மேல் உள்ள உராய்வுமாக இருக்கும். மூச்சில் தெரிய நெடுநாளாகும். மூன்றில் ஒரு பங்கு காற்று போய்விட்ட பிறகுதான் சென்னையில் நிற்பவர், இன்று 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரத்துக்கு விமானத்தில் போய் இறங்கியவரைப் போல முதல் நாள் தலைவலியோடு மூச்சு வாங்குவார்.